பாட்டைப் பங்கு வைத்த மைனி

மைனி ஒரு பாட்டை முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பல்லவி முடியும்போதே அவருக்கு யாராவது ஞாபகத்துக்கு வந்துவிடுவார்கள். "இது கீழ்வீட்டு ராசாத்திக்குப் பிடிக்கும்லா" என்று எழுந்துவிடுவார். கம்ப்யூட்டரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மைனி இரும்பு ஏணியில் இறங்கி ராசாத்தி வீட்டு வாசலில் நிற்பார். கையில் மெமரி கார்டு இருக்கும். ராசாத்தி கேட்டாளா, அதைப் போட அவளிடம் போன் இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம்.

அவர் எனக்குச் சொந்த மைனி இல்லை. என் அண்ணனும் அவர் வீட்டுக்காரரும் ஒரே தோல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அந்த வழியில் அண்ணி முறை, எங்கள் பேச்சில் மைனி. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் மாடி அவருடையது. நான் குர்லாவில் ஒரு கூரியர் ஆபீஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மைனிக்குத் துணிப் பட்டறையில் செக்கிங் வேலை. அவர் வீட்டுக்காரர், எனக்கு அண்ணாச்சி, மஸ்கட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. "இந்த வருசம் எப்படியும் கூப்பிட்டுக்குவாவ" என்று ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மைனி சொல்வார். நாங்களும் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தலையாட்டுவோம்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார், நடுவில் ஜன்னலுக்கு இரண்டு தடவை போய்வருவார். காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று என் அம்மா கேட்டால், "மஸ்கட்டுக்குப் போற காலு, அதுக்கு இங்க இருக்கப் பிடிக்கல" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற நமக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து பலகாரம் வந்தால், அந்தப் பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது. ஒன்றும் இல்லையென்றால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான், ஆனால் மைனிக்கு அது முற்றிப்போயிருந்தது. ஒரு தீபாவளிக்கு அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறைய அதிரசம் கொடுத்துவிட்டாள். மறுநாள் தூக்குச்சட்டி திரும்பி வந்தது. அம்மா மூடியை எடுத்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல், உள்ளே கிடந்த எதுவோ கடகடவென்று ஆடியதையும் பொருட்படுத்தாமல் குழாயடியில் வைத்துத் தண்ணீரைப் பிடித்துவிட்டாள். உள்ளே இருந்தது ஒரு மெமரி கார்டு. அன்றைக்கு மைனி வீட்டில் சீனி தீர்ந்துபோயிருந்ததாம். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளாகப் பொறுக்கிப் போட்டு வைத்திருந்தாராம்.

ரயிலிலும் இதே கதை. ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் செம்பூருக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோம். குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறியதும் மைனி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டார். எனக்கு ஒரு பக்கம் தருவார் என்று நான் காத்திருக்க, அவர் பக்கத்தில் நின்ற ஒரு மராட்டி அம்மாள் காதில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அந்த அம்மாள் மிரண்டுபோய் முதலில் தன் தாலியைத்தான் பிடித்துப் பார்த்தார். ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனாலும் செம்பூர் வரை காதை எடுக்கவில்லை. இறங்கும்போது மைனியின் கையில் இரண்டு சப்போட்டாப் பழம் வைத்துவிட்டுப் போனார். "பாத்தியா, வெறுங்கையோட விடல பாரு" என்று மைனிக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பாட்டை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது பாட்டுக்காக இல்லை, அண்ணாச்சி முகத்தைப் பார்க்க. அவர்தான் மஸ்கட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கச் சொன்னார். செல்வம் என்று ஒருவர் எங்கள் சந்தில் நெட் லைன் கொடுத்துக்கொண்டிருந்தார். கேபிள் டிவிக்காரர்களிடம் வேலை பார்த்துத் தொழில் கற்று, கல்யாணத்துக்குப் போட்ட நகையை அடகு வைத்து, கூரை கூரையாக வயர் இழுத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அத்தனை வீட்டுக்கும் வயர் தனித்தனியாகப் போனாலும் வெளியுலகத்துக்கு எங்கள் சந்து முழுக்க ஒரே நம்பர். யார் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்தாலும் செல்வத்தின் லைன் செய்ததாகத்தான் தெரியும்.

அண்ணாச்சியின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தது. குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். சண்டேக்கு ஒரு தடவை அதைப் பார்த்து அழுதுவிட்டு, மற்ற நாளில் மைனி பாட்டுப் பக்கம் திரும்பினார். செல்வம்தான் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தார். அதைத் திறந்தால் உலகத்தில் எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டை நாம் எடுத்துக்கொள்ளலாம். அதேபோல நம்முடைய கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் திறந்தே இருக்கும். அதிலிருந்து மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கர்த்தர் தனக்காகவே இதைச் செய்து அனுப்பியதாக மைனி நினைத்துவிட்டார். ஒரு சந்துக்குள் செய்துகொண்டிருந்ததை இனி உலகத்துக்கே செய்யலாம்.

கோலாலம்பூரில் ஒருவர், டொரொன்டோவில் ஒரு அம்மாள், பாரிஸில் ஒரு ஹோட்டல் சமையல்காரர் என்று ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் தமிழ்ப் பாட்டுப் பைத்தியங்கள். மைனி வேலைக்குப் போகும்போதும் கம்ப்யூட்டரை அணைக்கமாட்டார். "நான் இல்லாட்டியும் வந்து எடுத்துக்கிடட்டும்" என்பார். எடுத்துக்கொண்டு ஒன்றும் கொடுக்காமல் போகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குத் தாங்காது. ஒருவன் முந்நூறு பாட்டை அள்ளிக்கொண்டு தன் ஃபோல்டரை மூடி வைத்திருந்தான். மைனி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அவனுக்கு எழுதினார்: 'தம்பி, சாப்பிட்ட தட்டையாவது கழுவி வைக்க வேண்டாமா.' அவன் அமெரிக்காவில் ஏதோ பெரிய வேலையில் இருப்பவன். வெட்கப்பட்டுப்போய் அன்றைக்கே ஃபோல்டரைத் திறந்துவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூட்டத்தில் வழக்கு என்ற பேச்சு வந்தது. முதலில் அமெரிக்காவில். பாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொரு வீடாக, படிக்கிற பையன் மேலெல்லாம் வழக்குப் போடுகின்றன என்று அந்தத் தட்டுக் கழுவாத தம்பி எழுதினான். கூட்டமே கொதித்தது. இனி ஒரு சிடிகூடக் காசு கொடுத்து வாங்கமாட்டேன் என்று பாரிஸ்காரர் சபதம் போட்டார். அவர் அதற்கு முன்னால் வாங்கியதாக யாருக்கும் தெரியாது. டொரொன்டோ அம்மாள், பாடினவர்களுக்கும் வயிறு இருக்கிறதே என்று ஒரு வரி எழுதப்போய் எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மைனி மட்டும் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். "அவ சொல்லுததும் நியாயந்தான்" என்றார். "பாடுனவுகளுக்கு நாம என்ன குடுத்தோம்?"

நான் அந்தக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை. எனக்குப் பாட்டு வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ஒருவர் ஒரு விவரம் கண்டுபிடித்தார். கம்பெனிகள் வழக்குப் போடுவது கொடுக்கிறவர்கள் மேல்தான். எடுக்கிறவர்களை அவர்களால் பார்க்க முடியாது. ஆகவே ஃபோல்டரை மூடிவிட்டால் போதும், எப்போதும் போல எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்குள் கோலாலம்பூர் மூடினார். பாரிஸ் மூடினார். சபதம் போட்ட அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கையை மட்டும் வெளியே நீட்டினார்கள். கடைசியில் திறந்திருந்தது மைனியின் ஃபோல்டர் ஒன்றுதான். எல்லாக் கையும் அங்கே வந்தது.

"மைனி, நீங்களும் மூடிருங்க" என்றேன்.

"எடுக்கறத நிறுத்தணுமா, குடுக்கறத நிறுத்தணுமா?"

"குடுக்கறத மட்டும். எடுக்கறது ஒருத்தனுக்கும் தெரியாது."

"அது எப்படிளா? அடுத்தவன் வீட்ல தின்னுட்டு என் வீட்டுக் கதவச் சாத்திக்கிடவா?"

கம்பெனிக்காரன் கேட்கிற கேள்வி வேறு, மைனி கேட்கிற கேள்வி வேறு. அதை அவருக்கு விளங்கவைக்க நான் என் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். அவர் தட்டோடு நடந்துகொண்டே இருந்தார்.

அந்த மாதத்தில்தான் மஸ்கட் விஷயம் நிஜமாகவே கைகூடியது. அண்ணாச்சியைச் சூப்பர்வைசர் ஆக்கி, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளக் கம்பெனி சம்மதித்துவிட்டது. மைனி பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். இனி ஒரே ஒரு படிதான் பாக்கி: போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து விசாரிக்க வேண்டும். இந்த அம்மாள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று பார்த்து, இல்லை என்று எழுதிவிட்டால் பாஸ்போர்ட் வந்துவிடும். மைனி அதற்குப் பிறகு நின்றுகொண்டுகூடச் சாப்பிடவில்லை. ஏணியில் யார் கால் வைத்தாலும் எட்டிப் பார்ப்பார்.

ஏணியில் வந்தது செல்வம். கையில் ஒரு நோட்டீஸ். ஒரு பாட்டுக் கம்பெனியின் வக்கீல் அனுப்பியது. உங்கள் லைனிலிருந்து எங்கள் பாட்டுகள் உலகம் முழுவதும் விநியோகம் ஆகின்றன. யார் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் மேல்தான் வழக்கு, லைனும் துண்டிக்கப்படும். செல்வத்துக்கு உதடு காய்ந்துபோயிருந்தது. அவர் மனைவி மாசமாக இருந்தாள்.

"யக்கா, நான் உங்க பேரச் சொல்லமாட்டேன்" என்றார். "ஆனா அந்த ஃபோல்டர மட்டும் மூடிருங்க. நாப்பது வீட்டு லைன் யக்கா. இது போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்."

மைனி அங்கேயே, அவர் கண் முன்னாலேயே மூடினார். அவர் அதை மூடி அன்றைக்குத்தான் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

செய்தி சந்தில் பரவ எத்தனை நேரம் ஆகும். பாட்டு வைத்திருந்தால் ஜெயில் என்று ஆகிவிட்டது. ராசாத்தி தன் மெமரி கார்டை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு, எந்தப் பக்கம் போட்டோம் என்று தெரியாமல் அரிசி முழுவதையும் பாயில் கொட்டித் தேடினாள். ஒருவர் சிடிக்களை எல்லாம் பிளாஸ்டிக் உடைக்கிற பட்டறையில் கொண்டுபோய்ப் போட்டார். மூலைக்கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று காலையில் போடுகிற பக்திப் பாட்டையும் நிறுத்திவிட்டார். வழியில் காக்கிப் பேன்ட் போட்ட தபால்காரரைக் கண்டதும் இரண்டு பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேலி செய்ய நன்றாக இருக்கிறது. ஆனால் அத்தனை பேரும் மைனியிடம் பாட்டு வாங்கியவர்கள், அந்த வாரம் ஒருவர்கூட அவர் வீட்டு ஏணியில் ஏறவில்லை.

மூடியதோடு விஷயம் முடியவில்லை. ஏற்கெனவே போன பாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வக்கீல் ஆபீஸிலிருந்து செல்வத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. ஆள் யார் என்று சொல்லாவிட்டால் திங்கட்கிழமை ஸ்டேஷனில் புகார் கொடுப்போம் என்றார்கள். மைனி சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார்.

"ஏளா, எங்கூட அந்தேரி வரைக்கும் வா. அந்த வக்கீலப் பாத்து நாந்தான்னு சொல்லிட்டு வந்துருதேன்."

அம்மா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஸ்டேஷன்ல இருந்து விசாரிக்க வரப்போறாவ. உன் பேர்ல கேஸ் விழுந்தா மஸ்கட்டு எப்படிப் போவ?"

"எனக்கும் தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா?"

"செல்வம் பொண்டாட்டி நேத்து வந்தா. ஒண்ணும் சொல்லல. சும்மா உக்காந்துட்டுப் போனா. நான் மஸ்கட்டுல போய் இருந்தாலும் அவ அங்க வந்து உக்காருவாள்லா."

அம்மா திரும்பிப் போய்க் கரண்டியை எடுத்துக்கொண்டாள். மாகிம் ஸ்டேஷன் வரை நாங்கள் நடந்தோம், அங்கிருந்து ரயில். மைனி மடியில் ஒரு அகலமான எவர்சில்வர் டப்பா இருந்தது. முந்திரிக்கொத்து. வழக்குப் போடுவோம் என்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது பலகாரமா என்று கேட்டேன். முதன்முதலாக ஒருத்தர் இடத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதா என்று அவர் கேட்டார். இதற்கெல்லாம் அவரிடம் வாதாடிப் பிரயோஜனம் இல்லை என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பையில் இன்னொன்றும் இருந்தது எனக்குத் தெரியாது.

வக்கீல் ஒரு மராட்டி அம்மாள். நடுவயது, காதில் சின்னக் கல் தோடு. பக்கத்தில் கம்பெனி ஆள் ஒருவர், கழுத்தில் டை. மைனி டப்பாவை நீட்டினார். வக்கீலம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பியூனைக் கூப்பிட்டு, தட்டில் மாற்றிவிட்டு டப்பாவைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னார். பேச்செல்லாம் இந்தியில். மைனியின் இந்தி திருநெல்வேலி வழியாக வரும் இந்தி. அவர் சொன்னது இவ்வளவுதான்: செல்வத்துக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் கொடுத்தேன், நான்தான் திறந்து வைத்திருந்தேன்.

கம்பெனி ஆள் விறைப்பாகத்தான் இருந்தார். வக்கீலம்மா நிதானமாகப் பேசினார். எங்களிடம் இருப்பது லைன் நம்பரும் ஏழெட்டுப் பாட்டின் பெயரும்தான். நீங்களாக வந்து ஒத்துக்கொண்டதால் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போலீசுக்குப் போகமாட்டோம், செல்வத்தையும் விட்டுவிடுவோம். எனக்கு உயிர் வந்தது. கம்பெனி ஆளுக்குப் போன் வந்து அவர் வெளியே வராந்தாவுக்குப் போனார். அப்போதுதான் மைனி பையைத் திறந்தார்.

வெள்ளை உறையில் ஒரு டிவிடி. அதை இரண்டு கையாலும் மேஜைமேல் வைத்தார்.

"இதுல உங்க கம்பெனி பாட்டு எல்லாம் இருக்கு மேடம். நான் எடுத்தது பூராவும். வருச வாரியா அடுக்கி, பேரெல்லாம் சரி பண்ணி வச்சிருக்கேன். இவ்வளவு நாளும் எடுத்துருக்கோம், நான் உங்களுக்கு ஒண்ணுமே தரலல்லா."

திருடியது அத்தனையையும் வரிசையாக அடுக்கி, சொந்தக்காரனுக்கே அன்பளிப்பாகக் கொடுக்கும் ஒரு மனுஷியை அந்த வக்கீலம்மா அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார். அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஆள் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதை எடுத்து உள்ளே வையுங்கள்" என்றார் வக்கீலம்மா, குரலைத் தாழ்த்தி. "ஏழெட்டுப் பாட்டுக்குத்தான் இந்த உறுதிமொழி. இவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்த்துவிட்டால் நேராகப் போலீஸ்தான். என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

"உங்களுக்குன்னு கொண்டுவந்தது மேடம்."

"அம்மா, எடுத்துக்கொள்ளுங்கள்."

"குடுத்தத எப்படி மேடம் திருப்பி எடுக்க?"

நான் மைனியின் முழங்கையைக் கிள்ளினேன். தமிழில் கெஞ்சினேன். "மைனி, மஸ்கட்டு போயிரும் மைனி. அண்ணாச்சிய நினைச்சுப் பாருங்க." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. கை மட்டும் அசையவில்லை. அவருக்கு அண்ணாச்சி வேண்டும், மஸ்கட் வேண்டும், எல்லாம் வேண்டும். ஆனால் ஒருவருக்கென்று வைத்ததைத் திரும்ப எடுக்க அந்தக் கைக்குப் பழக்கம் இல்லை. அவரை அங்கேயே அறைந்துவிடலாம் போல எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வெளியே அந்த ஆள் பேச்சை முடிக்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பியூன் உள்ளே வந்து கழுவிய டப்பாவை மேஜையில் வைத்தார். மைனியின் கண் தானாக அதன் பக்கம் போனது. காலி டப்பா. அந்த நிலைமையிலும் அவர் அதைத்தான் பார்த்தார். வக்கீலம்மா அவர் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு டிவிடியை எடுத்து டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, மைனியின் பக்கம் தள்ளினார்.

"எங்கள் வீட்டிலும் டப்பாவைக் காலியாகத் திருப்பக் கூடாது" என்றார். "என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. இதுதான்."

மைனி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கதவு திறந்தது.

கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றோம். மைனி, "நல்ல மனுசி" என்றார். ரயில் வந்து ஏறிய பிறகு, "எந்த ஊர்க்காரியா இருக்கும்?" என்றார்.

உறுதிமொழி என்றால் நமக்கெல்லாம் ஒரு காகிதம். மைனிக்கு அப்படி இல்லை. எவருக்கும் எந்த வடிவத்திலும் பாட்டைக் கொடுக்கமாட்டேன் என்று அதில் இருந்தது. அது அந்த ஒரு கம்பெனியின் பாட்டுக்குத்தானே என்று சொல்லிப் பார்த்தேன். "எது எவன் பாட்டுன்னு நான் எங்க போய்த் தேட" என்றார். கொடுப்பதை நிறுத்தினார். அத்தோடு எடுப்பதையும் நிறுத்தினார். கம்ப்யூட்டர் மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடினார். பயம் தெளிந்ததும் ராசாத்தி மெமரி கார்டோடு ஏணி ஏறி வந்து, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு, "ரொம்பத்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சந்து முழுவதும் பழையபடி பாட்டு ஓட ஆரம்பித்தது, எல்லாம் செல்வத்தின் லைனிலிருந்து எடுத்ததுதான், எல்லோருடைய ஃபோல்டரும் மூடியிருந்தது. மைனியின் வீட்டில் மட்டும் சத்தம் இல்லை. அந்தக் கால் நடந்துகொண்டே இருந்தது.

ஸ்டேஷன்காரர் வந்தார், டீ குடித்தார், வழக்கு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பாஸ்போர்ட் வந்தது. மைனி கிளம்பும் முன் செல்வத்தைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பாட்டையும் அழிக்கச் சொன்னார். டிவிடியையும் ஒடித்துவிட்டார். எனக்காவது ஒரு பிரதி கொடுத்திருக்கலாம் என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து அழுதேன், அது வேறு.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். போனில் ஒரு ஆப் இருக்கிறது, கேட்ட பாட்டெல்லாம் அதில் வருகிறது. மைனி மஸ்கட்டில்தான். பாட்டு கேட்கிறீர்களா என்றால், அண்ணாச்சி வண்டியில் ரேடியோ போடுவார், அது ஊருக்கே பாடுகிறது, அதைக் கேட்கலாம் என்பார். போன மாதம் எனக்குப் பொறுக்கவில்லை. அவருக்குப் பிடித்த பாட்டு ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"பாட்டு அனுப்பாதளா. திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நீங்களும் ஒண்ணு அனுப்புங்க மைனி."

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேம்லா."

"மைனி, காலம் மாறிட்டு. இப்ப பாட்டுக்குக் கீழயே பட்டன் இருக்கு, ஷேர் பண்ணுங்கன்னு. அந்தக் கம்பெனிக்காரனுவளே வச்சிருக்கானுவ. நாம அனுப்ப அனுப்ப அவனுவளுக்குத்தான் லாபம்."

அந்தப் பக்கம் மைனி நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"அதே கம்பெனியா?"

"அதே கம்பெனிதான்."

"அப்போ என் கையெழுத்து?"

"அது எங்கயோ ஒரு பைல்ல கெடக்கும். யாரும் பாக்கமாட்டாவ."

"நான் போட்டது எனக்குத் தெரியும்லா" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அதத் திருப்பிக் கேட்டா தருவாவளா?" என்றார்.

அன்றைக்கே அந்தக் கம்பெனியின் தளத்தைத் தேடிப் பிடித்தேன். உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் மைனி எப்போதோ போட்ட கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்கள், இல்லை அது இனி வேண்டாம் என்று ஒரு வரியாவது எழுதுங்கள், அவர் ஒரு பாட்டை நாலு பேருக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கேட்கட்டும் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினேன்.

அடுத்த நிமிஷமே பதில் வந்தது. என் ஆர்வத்துக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கீழே ஒரு புதுப் பாட்டு இருந்தது. கேட்டுவிட்டு உங்கள் பிரியமானவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.